முழுநலத் திட்டத்துக்கு யார் தலைமை: மூன்று தெரிவுகள், ஒரு பக்கச் சாய்வு

போரில் காயப்பட்டவர்களுக்கென்று திருகோணமலையில், உடம்பு, மனம், அன்றாட வாழ்க்கை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிற ஒரு முழுநலத் திட்டம் தொடங்குவதென்றால் இடம், பணம், வாகனம் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நிற்கிற கேள்வி, தலைமை யார் கையில் என்பது. வழி மூன்று உண்டு: மேலைத்தேய மருத்துவம் படித்த வைத்தியர், சித்த வைத்தியர், வைத்தியரல்லாத இணைப்பாளர். எங்கள் தெரிவு முதலாவது. ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும்.

யாருக்கான திட்டம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். புனர்வாழ்வு முடித்து வந்த முன்னாள் போராளிகள், ஓய்வுபெற்ற படையினரும் பொலிஸாரும், ஊர்காவல் படையில் இருந்தவர்கள் என்று எல்லாத் தரப்பும் இந்த மாவட்டத்தில் இருக்கிறது. எந்தப் பக்கம் நின்றார்கள் என்பது பதிவுத்தாளில் இருக்கவே கூடாது. அந்தக் கட்டம் தாளில் இருக்கிறதென்று தெரிந்தாலே பாதிப் பேர் வாசலோடு திரும்பிவிடுவார்கள். உடம்பில் இருப்பது எல்லோருக்கும் ஒன்றுதான்: உள்ளே தங்கிப்போன செல் துண்டு, இழந்த கால், அடிபட்ட முள்ளந்தண்டு, நித்திரை வராத இரவு.

இத்தகைய திட்டங்களுக்கு வழக்கமாகக் காட்டப்படும் முன்மாதிரி அமெரிக்காவின் முன்னாள் படையினர் விவகாரத் திணைக்களம். அங்கே 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் தொடர்ச்சியாக 2018இல் 18 மையங்களில் இதைப் பெரிய அளவில் தொடங்கினார்கள். “உங்களுக்கு என்ன வருத்தம்” என்று கேட்பதற்கு முன்னால் “உங்கள் வாழ்க்கையில் எது முக்கியம்” என்று கேட்பது அதன் அடிப்படை. உடலசைவு, உணவு, உறக்கமும் ஓய்வும், உறவுகள், சுற்றுப்புறம், ஆன்மிகம், மனப்பயிற்சி, தனிமனித வளர்ச்சி என்று எட்டுத் துறைகளில் ஒவ்வொருவரும் தங்கள் நிலையைத் தாங்களே மதிப்பிடுகிறார்கள். யோகா, தியானம், அக்குபஞ்சர், மசாஜ், தாய் சி போன்றவை 2017இல் அங்கீகரித்த பட்டியலில் உள்ளன. நாட்பட்ட நோவுள்ளவர்களில் இந்தச் சேவைகளை முழுமையாகப் பயன்படுத்தியோரின் ஓபியொய்ட் (அபின் வகை வலிநிவாரணி) பாவனை 38 வீதம் குறைந்தது. பயன்படுத்தாதோரில் 11 வீதம். ஆட்களைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்துச் செய்த ஆய்வு இல்லை என்பதால் இந்த எண்ணை வேதவாக்காக எடுக்கக் கூடாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே யோகா வகுப்புக்குப் பின்னால் சொந்த வைத்தியசாலை, சொந்த மருந்தகம், எல்லோரும் பார்க்கிற ஒரே நோயாளர் கோப்பு இருந்தன. குளிசையைக் குறைத்து எழுத ஒரு வைத்தியரின் கையும் இருந்தது. நம்மூரில் பிரதி எடுக்கும்போது யோகாவை எடுக்கிறோம், அந்தக் கையை விட்டுவிடுகிறோம்.

வைத்தியரல்லாத இணைப்பாளர்

இவரது பலம் எல்லோருக்கும் தெரிந்ததே. ஆட்களைச் சேர்ப்பார், வெருகலிலிருந்து வருகிறவருக்கு வாகனம் ஒழுங்கு செய்வார், சக்கர நாற்காலி நுழைகிற மலசலகூடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து வைப்பார். அவரே காயப்பட்டவராக இருந்தால் ஒரு வைத்தியருக்கு ஆறு மாதத்தில் கிடைக்கிற நம்பிக்கை அவருக்கு அரை மணியில் கிடைக்கும். முதல் சந்திப்பு யாரோடு என்றால் சந்தேகமே வேண்டாம், இவரோடுதான். செலவும் குறைவு. ஆனால் தலைமை என்று வரும்போது, நோவு கூடிவிட்டது என்று ஒருவர் சொன்னால் “கிளினிக்கில் சொல்லுங்கோ” என்பதற்கு மேல் அவரால் போக முடியாது.

சித்த வைத்தியர்

இந்த ஊரில் இது வெறும் மாற்றுத் தெரிவு அன்று. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவப் பட்டப்படிப்பு நடக்கிறது. பட்டதாரிகள் பக்கத்திலேயே இருக்கிறார்கள், மொழியும் ஊரும் தெரிந்தவர்கள். உணவு, உறக்கம், மலச்சிக்கல், மனச்சுமை எல்லாவற்றையும் ஒரே இருப்பில் கேட்பது அவர்களுக்குப் பாடத்தோடு வந்தது. மேலைத்தேய வைத்தியருக்கு அதைத் தனியாகப் பழக்க வேண்டியிருக்கும். மேலைத்தேய வைத்தியர்களுக்கு இடமாற்றப் பட்டியல் வந்தால் மறுமாதமே ஆள் மாறிவிடும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வெளிநாடு போனவர்களும் நிறைய. தொடர்ச்சி மட்டுமே அளவுகோல் என்றால் சித்த வைத்தியர் வென்றுவிடுவார்.

சித்தத் தலைமையில் நீண்டகாலம் நடந்த இப்படியான திட்டம் ஒன்றை நாங்கள் கிட்ட நின்று பார்த்ததில்லை. கீழே வருகிற வாதத்தை அந்த அளவுக்குக் கழித்தே வாசிக்கலாம்.

மேலைத்தேய வைத்தியர்: குளிசைப் பை

முதல் வருகையில் செய்யவேண்டிய வேலை ஒன்று. வீட்டில் இருக்கிற மருந்து அத்தனையையும் ஒரு பொலித்தீன் பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லி, மேசையில் கொட்ட வேண்டும். வைத்தியசாலைக் கிளினிக்கில் தசை இறுக்கத்துக்குத் தந்த பக்லோபன், நரம்பு நோவுக்குத் தந்த கபபென்டின். மனநலக் கிளினிக்கில் மனச்சோர்வுக்குத் தந்த அமிட்ரிப்டிலின். தனியார் பார்மசியில் சீட்டில்லாமல் வாங்கிய வலிக் குளிசை டைக்ளோபெனாக். பிரஷருக்கு லொசார்டானும் சலம் போகிற குளிசையும். யாரோ சொல்லி நோவுக்கு வாங்கிய பிரிகபாலின் அல்லது டிரமடோல். காகிதத்தில் மடித்த அமுக்கராச் சூரணம், பெயர் எழுதாத ஒரு செந்தூரம். நான்கைந்து இடத்தில் எழுதிக் கொடுத்தது, ஒருவருக்கொருவர் தெரியாமல்.

இதில் டைக்ளோபெனாக், லொசார்டான், சலக் குளிசை மூன்றும் சேர்ந்தாலே சிறுநீரகம் அடிவாங்கும். வெயிலில் தண்ணீர் குறைவாகக் குடிக்கிறவருக்கு இன்னும் வேகமாக. மாவட்டத்தின் பதவிசிறிபுரப் பக்கம் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் ஏற்கெனவே இருக்கிற இடம். அமிட்ரிப்டிலின் சலத்தை அடைக்கும். முள்ளந்தண்டு அடிபட்டவருக்கு அது சின்ன விசயம் இல்லை. டிரமடோலும் அமிட்ரிப்டிலினும் சேர்ந்தால் வலிப்பு வரும் வாய்ப்புக் கூடும்; தலையில் காயம் பட்டவருக்கு அது இரட்டிப்பு. அமுக்கரா தூக்கத்தைக் கூட்டும், ஏற்கெனவே மயக்கம் தருகிற குளிசைகளின் மேல்.

இதற்கெல்லாம் மருந்து, மருந்தைக் குறைப்பது. அதை யார் செய்யலாம் என்பதில்தான் மூன்று தெரிவும் பிரிகிறது. இலங்கையில் மேலைத்தேய வைத்தியர் பதிவாவது இலங்கை மருத்துவ சபையில். சித்த வைத்தியர் பதிவாவது 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் ஆயுர்வேத மருத்துவ சபையில். சித்த வைத்தியர் பக்லோபன் அளவை மாற்றி எழுத முடியாது. இணைப்பாளர் கேட்கவே வேண்டாம். ஆனால் யோகாவும் எண்ணெய்த் தேய்ப்பும் பலன் தரத் தொடங்கியதும் நோயாளி செய்கிற முதல் வேலை, குளிசையைத் தானே நிறுத்துவது. பக்லோபனைச் சட்டென்று நிறுத்தினால் காய்ச்சல், கடும் இறுக்கம், மனக்குழப்பம், வலிப்பு வரை போகும். கபபென்டின் என்றால் நான்கு நாளுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் குறைக்கக் கூடாது. பிரிகபாலின் என்றால் வாரத்துக்கு 50 முதல் 100 மில்லிகிராம் வரை. இந்தப் படிக்கட்டைத் திகதி போட்டு எழுதி, தொலைபேசியில் விசாரித்து, இடையில் நோவு திரும்பினால் அந்தப் படியிலேயே நிறுத்தி வைக்க ஒருவர் வேண்டும். திட்டம் நன்றாக வேலை செய்யும்போதுதான் இந்த ஆபத்து வருகிறது. அதனால்தான் வைத்தியரை “தேவைப்பட்டால் கூப்பிடலாம்” என்று ஓரத்தில் வைக்க முடியாது.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த உடம்புகளில் அறிகுறி ஓரிடத்திலும் காரணம் வேறிடத்திலும் இருக்கும். இடுப்புக்குக் கீழே இயங்காத ஒருவருக்குக் கால் இறுக்கம் திடீரென்று கூடினால் யோகா ஆசிரியர் இன்னும் கொஞ்சம் நீட்டிப் பயிற்சி கொடுப்பார். வைத்தியர் முதலில் சலத்தில் கிருமியா, மலம் இறுகியிருக்கிறதா, உட்காருகிற இடத்தில் புண்ணா என்று தேடுவார். உணர்வில்லாத உடம்பு அப்படித்தான் முறையிடும். மார்புக்கு நடுவே, ஆறாவது முள்ளெலும்புக்கும் அதற்கு மேலும் அடிபட்டவரென்றால் ஆபத்து இன்னும் கிட்ட இருக்கிறது. எண்ணெய் தேய்க்கப் படுக்க வைத்ததில், சலம் போகப் பொருத்தியிருக்கிற குழாய் மடிந்துவிட்டது என்று வையுங்கள். சில நிமிடத்தில் தலை பிளக்கிற வலி, முகத்தில் வியர்வை, பிரஷர் வழக்கத்தைவிட 20 முதல் 40 வரை ஏறும். உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான உடுப்பைத் தளர்த்தி, குழாயின் மடிப்பை எடுத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் பிரஷர் பார்க்க வேண்டும். இறங்காவிட்டால் 1990 அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். தலைவலி என்று சொல்லித் தைலம் தடவிப் படுக்க வைத்தால் மூளையில் இரத்தம் கசியலாம்.

வேதுக்கும் ஒத்தடத்துக்கும் இதே கதை. உணர்வில்லாத தோல் வெந்தால் ஆளுக்குத் தெரியாது. கன்னியா வெந்நீரூற்றுக்குக் கூட்டிப் போகலாம் என்று எந்தக் குழுவும் கேட்கும். ஏழு கிணற்றிலும் சூடு ஒன்றல்ல. உணர்வுள்ள கையால், அதுவும் உதவிக்கு வந்தவரின் கையால், பார்த்த பிறகே ஊற்ற வேண்டும்.

இரத்தப் பரிசோதனையிலும் ஒரு பொறி இருக்கிறது. கால் இழந்தவர்களுக்கும் முள்ளந்தண்டு அடிபட்டவர்களுக்கும் தசை குறைவு. அதனால், சிறுநீரகத்தின் நிலையைப் பார்க்க அளக்கும் கிரியேட்டினின் குறைவாகவே காட்டும். அறிக்கையில் “சாதாரணம்” என்று வந்ததை நம்பி டைக்ளோபெனாக்கையோ உலோகம் சேர்ந்த செந்தூரத்தையோ தொடரக் கூடாது. ஓர் எண்ணைப் பார்ப்பதைவிட, அவருடைய பழைய எண்ணோடு ஒப்பிட்டு ஏறுகிறதா என்று பார்ப்பது மேல். தசையின் அளவை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின் சி என்ற பரிசோதனையைச் செய்ய முடிந்தால் இன்னும் நல்லது.

இந்தத் தலைமை எங்கே கெட்டுப்போகும்

திட்டம் இன்னொரு கிளினிக்காக மாறிவிடுவதில். பிரஷர் பார், சீட்டு எழுது, அடுத்த ஆள். இதைத் தடுக்க வைத்தியரின் நேரத்தை எழுத்தில் கட்டுங்கள். சுமார் 60 பேருக்கு வாரத்தில் இரண்டு அரைநாள் போதும். முதல் வருகைக்கு ஒரு மணி நேரம், திரும்பி வருகிறவர்கள் அரைநாளுக்கு எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம், வாரம் ஒருமுறை முழுக் குழுவும் அரை மணி நேரம் கூடிப் பேச வேண்டும். எட்டுத் துறைத் தாளை இணைப்பாளர் நிரப்பி முடித்த பிறகுதான் வைத்தியர் ஆளைப் பார்க்க வேண்டும்.

சித்த வைத்தியரைக் கீழே வைப்பதும் கெடுக்கும். மருந்துத் தாள் ஒன்றே. அதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நிரல், இரண்டு கையெழுத்து. ஒருவர் புது மருந்து தொடங்குமுன் மற்றவர் பார்த்திருக்க வேண்டும். நிறுத்தச் சொல்லும் உரிமை இருவருக்கும் சமம். அதிமதுரம் பொட்டாசியத்தை இறக்கும், பிரஷரை ஏற்றும் என்பதை ஒரு வைத்தியர் சொன்னால் சித்த வைத்தியர் ஏற்பார். மலச்சிக்கலுக்கு எதை எப்போது கொடுப்பது என்று சித்த வைத்தியர் சொன்னால் வைத்தியரும் கேட்கத்தான் வேண்டும்.

ஆளைத் தேடும்போது பெரிய பெயருள்ள நிபுணரின் பின்னால் ஓடாதீர்கள். மாதம் ஒருமுறை வந்து கையெழுத்துப் போட்டுப் போவார். குடும்ப மருத்துவ டிப்ளோமா முடித்தவர் அல்லது மனநலப் பிரிவில் வேலை பார்த்த வைத்திய அதிகாரி பொருத்தம். அதைவிட, ஊரிலேயே இருக்கிற ஓய்வுபெற்ற வைத்தியர் கிடைத்தால் இடமாற்றத் தலையிடியே இல்லை. தமிழ் கட்டாயம், சிங்களமும் வேண்டும். கெட்ட கனவை மொழிபெயர்ப்பாளர் வழியாக யாரும் சொல்ல மாட்டார்கள். ஒன்பது கேள்வி மனச்சோர்வுத் தாளில் கடைசிக் கேள்வி, சாக நினைத்ததுண்டா என்பது. அதற்கு “ஓம்” என்று வந்தால் அன்றே அவரைப் பார்க்கவேண்டியவர் யார், மனநலப் பிரிவுக்கு யார் கூட்டிப் போவது என்பதைப் பெயரோடு எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். மனநல உதவிக்கான 1926 தொலைபேசி இலக்கமும் அதே தாளில் இருக்கட்டும்.

வைத்தியர் கிடைக்கவே இல்லை என்றால் திட்டத்தைக் கைவிட வேண்டியதில்லை, சுருக்குங்கள். இணைப்பாளர் தலைமையில் சந்திப்புக் குழு, கதிரையில் இருந்தபடி செய்யும் பயிற்சி, மூச்சுப் பயிற்சி, நித்திரை ஒழுங்கு, தோட்டம், கொடுப்பனவுப் படிவம் நிரப்புதல் எல்லாம் நடக்கலாம். வேது, எண்ணெய்த் தேய்ப்பு, உபவாசம் மூன்றையும் வைத்தியர் வரும்வரை தள்ளி வையுங்கள். குளிசை பற்றி யார் கேட்டாலும் பதில் ஒன்றே: கிளினிக் கொப்பியோடு கிளினிக்குக்கு. தனியாகப் போக ஏலாதவரோடு ஒருவரை அனுப்பி வையுங்கள்.