சைக்கிள் மீற்றர் வாங்குவதென்றால் சில்லை உருட்டி அளக்கிற கடையில் வாங்குங்கள்

மட்டக்களப்பு பஸ் நிலையத்துக்குக் கிட்ட உள்ள ஒரு சின்ன சைக்கிள் கடையில் ஓடிய தூரமும் வேகமும் காட்டுகிற, முன்சில்லில் பூட்டுகிற வயர் மீற்றர் ஒன்று வாங்கினேன், பூட்டுக்கூலியும் சேர்த்து மூவாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. மீற்றர் பரவாயில்லை ரகம். அதைப் பூட்டித் தந்த விதம் உண்மையிலேயே அருமை, நான் இதை எழுதுவதே அதற்காகத்தான்.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும், இந்தச் சாமானுக்குத் தூரம் என்றால் என்னவென்றே தெரியாது. ஸ்போக் கம்பியில் ஒரு காந்தம், முன்சில்லைத் தாங்குகிற போர்க்கில் ஒரு சென்சர், காந்தம் சென்சரைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும். எண்ணியதைச் சில்லின் பரிதியால் பெருக்கினால் தூரம், ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்று பார்த்தால் வேகம். பரிதியை நாங்கள்தான் மில்லிமீற்றரில் கொடுக்க வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்தபோது என்னுடையதில் 2155 என்று கிடந்தது. அது 700 ரயர் போட்ட சைக்கிளுக்குப் பொருந்துகிற எண், என்னுடையது 26 அங்குலச் சில்லு. அப்படியே விட்டால் 100 கிலோமீற்றர் ஓடினால் 104க்கு மேல் காட்டும், கல்லடியிலிருந்து கல்முனைக்குப் போய் வந்தால் சும்மா ஒரு மூன்று கிலோமீற்றர் கூடிவிடும்.

கடைக்கார ஐயா அந்த எண்ணைப் பார்த்தவுடனேயே ரேப்பையும் சோக்கையும் எடுத்தார். முன்சில்லின் வால்வை நேர்கீழே கொண்டுவந்து சீமெந்துத் தரையில் ஒரு கோடு போட்டார். "ஏறி இருங்க தம்பி, ஆள் இல்லாம உருட்டினா கணக்கு வேற" என்றார். நான் ஏறி இருக்க, அவர் ஹாண்டிலைப் பிடித்து மெல்ல மெல்ல நேராகத் தள்ளி, வால்வு மூன்று தரம் கீழே வந்ததும் இன்னொரு கோடு போட்டார். இரண்டு கோட்டுக்கும் இடையில் 619 சென்ரிமீற்றரும் அரையும். மூன்றால் பிரித்து, மில்லிமீற்றராக்கி, சைக்கிள் மீற்றரில் 2065 என்று போட்டார். ஏன் மூன்று சுற்று என்று கேட்டேன், ரேப் பிடிப்பதில் ஒரு சென்ரிமீற்றர் பிசகினாலும் மூன்றால் பிரிக்கும்போது பிசகும் மூன்றில் ஒன்றாகிவிடும் என்றார். பள்ளிக்கூடத்தில் பரிதி, விட்டம், ஆரை என்று கொப்பி நிறைய எழுதினோம், இப்படி ஒரு தரம் செய்து காட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

வீட்டுக்கு வந்து நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் ரயரின் பக்கத்தில் 37-590 என்று அச்சடித்திருக்கிறது, ரயரின் அகலம் 37 மில்லிமீற்றர், ரிம்மில் ரயர் உட்காரும் இடத்தின் விட்டம் 590. ரயரின் உயரமும் கிட்டத்தட்ட அகலம் அளவுதான் என்று வைத்தால் 590 உடன் இரண்டு 37, மொத்தம் 664, பையால் (π) பெருக்கினால் 2086. உருட்டி அளந்ததைவிட 21 மில்லிமீற்றர் கூட. ஆள் ஏறினால் ரயர் அமுங்கி அச்சு தரைக்குக் கிட்ட வருகிறது, வித்தியாசம் பெரும்பாலும் அதனால்தான். ஆரையில் ஒரு மில்லிமீற்றர் குறைந்தால் பரிதியில் 6.28 மில்லிமீற்றர் குறையும், சில்லு சின்னதா பெரிதா என்பதெல்லாம் அதற்குக் கணக்கில்லை. அப்படியென்றால் மூன்று மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் மேல் அமுங்கினாலே இந்த 21 வந்துவிடும். காற்றுக் குறைந்த ரயரோடு ஓடினால் மீற்றர் கூடுதலாகக் காட்டுவதும் இதனால்தான், அதே தூரத்துக்குச் சில்லு கூடுதலான தரம் சுற்றும். பைக்கு 22/7 போடுவதா 3.1416 போடுவதா என்று மண்டையை உடைக்கத் தேவையில்லை, 26 அங்குலச் சில்லில் இரண்டுக்கும் ஒரு மில்லிமீற்றர்கூட வித்தியாசம் வராது.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். டவுனிலேயே வேறொரு கடையில் முன்பு எனக்கு 26 ரயர் என்று ஒன்றைத் தந்தார்கள், வீட்டில் வந்து போட்டால் ரிம்மில் ஏறவே இல்லை. மாற்றித் தரக் கேட்டதற்கு 26 என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று சாதித்தார்கள், எனக்குச் சரியான கோபம். ஒன்றே இல்லை. 26 என்பது ரயரின் வெளிவிட்டத்தை அங்குலத்தில் சும்மா ஒரு மட்டமாகச் சொல்வது. 26 x 1.75 என்றால் ரிம் 559, 26 x 1½ என்றால் 584, 26 x 1⅜ என்றால் 590. பழைய பெரிய சைக்கிளின் 28 x 1½ ரயருக்கு ரிம் 635, 700 ரயருக்கு 622, பார்வைக்கு ஒரே உயரம் போலத்தான் இருக்கும். ரயர் வாங்கப் போகும்போது ரிம்மின் அந்த மூன்று இலக்க எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். இந்த ஐயா கேட்காமலேயே குனிந்து வாசித்துப் பார்க்கிறார்.

காந்தத்தை அச்சுக்குக் கிட்டப் பூட்டினால் தூரம் குறைத்துக் காட்டாதா என்று பக்கத்தில் நின்ற ஒரு பிள்ளை கேட்டது, நல்ல கேள்வி. ஐயா சில்லைத் தூக்கிப் பிடித்துக் கையால் சுற்றிக் காட்டினார், காந்தம் அச்சுக்குக் கிட்ட இருந்தாலும் ரிம்முக்குக் கிட்ட இருந்தாலும் ஒரு சுற்றுக்கு ஒரு தரம்தான் சென்சரைக் கடக்கிறது. காந்தத்துக்கும் சென்சருக்கும் நடுவில் சில மில்லிமீற்றர் இடைவெளிதான் இருக்க வேண்டும், சில்லு கோணியிருந்தால் எண்ணிக்கை தவறும் என்று சொல்லிவிட்டு ஒரு கம்பியையும் முறுக்கிச் சரிபார்த்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

பிறகு காத்தான்குடி, ஆரையம்பதி தாண்டிக் கல்முனை வீதியில் கிலோமீற்றர் கற்களைப் பார்த்துக்கொண்டே ஓடினேன். கல்லுக்குக் கல் மீற்றர் ஒத்து வந்தது. ஒரு கிலோமீற்றருக்கு என் சில்லு 484 தரம் சுற்றுகிறது, அதைக் கணக்குப் போட்டுப் பார்த்ததில் எனக்கு ஒரு தனிச் சந்தோசம்.

மீற்றரில் குறை இல்லாமல் இல்லை. வயர் மெல்லியது, ஹாண்டிலை முழுதாகத் திருப்பினால் இழுபடுகிறது, கொஞ்சம் தளர்த்திச் சுற்றச் சொல்லுங்கள். வாவிக் காற்றில் உப்பு அதிகம், மீற்றர் உட்காரும் தட்டில் உள்ள இரண்டு செப்புப் பொட்டும் பச்சை பிடிக்கும், அடிக்கடி துடைக்க வேண்டும். பற்றரியைக் கழற்றினால் மொத்தத் தூரம் அழிந்துவிடும், கழற்ற முதல் எழுதி வைத்துக்கொண்டு திரும்பப் போட வேண்டும், எனக்கு இதுதான் பெரிய எரிச்சல். பற்றரி மூடியில் ஒரு பிளவு இருக்கிறது, ஒரு ரூபாய்க் காசை அதில் வைத்துத் திருகினால் கழன்றுவிடும். உள்ளே 2032 பற்றரி, கிட்டத்தட்ட அந்தக் காசின் சுற்றுத்தான், எண்ணிலேயே அளவும் இருக்கிறது, விட்டம் 20 மில்லிமீற்றர், தடிப்பு 3.2. கடையில் 2025ஐத் தந்தால் வாங்காதீர்கள், விட்டம் ஒன்றுதான், ஆனால் தடிப்பு 2.5தான், பள்ளமான வீதியில் குலுங்கும்போது மீற்றர் அணைந்து அணைந்து வரும்.

பூட்டப் போகிறவர்கள் முன் ரயருக்கு வழக்கமாக அடிக்கிற அளவு காற்றை அடித்துக்கொண்டு போங்கள், அந்த நிலையில்தான் அளவு எடுக்க வேண்டும். புது ரயர் போட்டால் திரும்ப அளக்க வேண்டும், அதையும் சும்மாவே செய்து தருவதாக ஐயா சொல்லியிருக்கிறார்.