ஊட்டியில் சனி, ஞாயிறு: வீட்டோடு தங்கும் ஹோம்ஸ்டே மாணவர்களுக்குத் தோதா?

ஊட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் "காட்டேஜ் வேணுமா தம்பி?" என்று கேட்டு வருபவரின் பின்னால் போனால், வாடகையில் அவருடைய கமிஷனும் சேர்ந்துவிடும். அங்கே சாவி கொடுப்பவர் இரவில் இருப்பாரா என்பதும் உறுதியில்லை. வீட்டுக்காரர் அதே வளாகத்தில் குடியிருந்து ஓர் அறையையோ மாடியையோ வாடகைக்கு விடும் ஹோம்ஸ்டே வேறு வகை. இரண்டு இரவு தங்க வரும் மூன்று நான்கு மாணவர்களுக்கு நாங்கள் பரிந்துரைப்பது இதைத்தான். தனியாக வருபவருக்கு அறை வாடகை கட்டுப்படியாகாது. அவருக்கு ஊரின் நடுவே உள்ள சேரிங்கிராஸ் பக்கம் கிடைக்கும் டார்மிட்டரி போதும். எட்டுப் பேருக்கு மேல் போனால் எந்த வீடும் தாங்காது, முதலில் தீர்ந்துபோவது வெந்நீர்தான்.

அந்த வெந்நீரிலிருந்தே தொடங்கலாம். இத்தகைய வீடுகள் பற்றி வரும் குறைகளில் பெரும்பகுதி இதைச் சுற்றியே இருக்கும். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி விடிகாலையில் மேல்தொட்டித் தண்ணீர் 12 டிகிரி இருந்தாலே நல்லது. 15 லிட்டர், 2 கிலோவாட் கீசர் அதை 55 டிகிரிக்குக் கொண்டுவர 22 நிமிடம் எடுக்கும். சமவெளியில் அதே கீசருக்குக் கால் மணி நேரம் போதும். ஒருமுறை காய்ந்த தண்ணீரைப் பச்சைத் தண்ணீரோடு விளாவினால் ஏறக்குறைய 23 லிட்டர், அதாவது ஒருவர் குளிக்க ஒரு வாளியும் கொஞ்சமும். நான்கு பேர் குளித்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். கீசர் பழுது என்று நினைத்து வீட்டுக்காரரோடு மல்லுக்கு நிற்பதில் பயனில்லை. இரண்டு பேர் இரவிலேயே குளித்துவிடுங்கள். விறகடுப்பில் அண்டா வைத்துக் காய்ச்சித் தரும் வீடு கிடைத்தால் இன்னும் நல்லது, மின்சாரம் போனாலும் வெந்நீர் நிற்காது.

குளியலறையில் கேஸ் கீசர் இருந்தால் காற்றுப்போக்கி திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்துச் சொல்வதை ஒருவரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. குளிருக்காகவோ பார்பிக்யூ முடிந்த பிறகோ கரி அடுப்பை அறைக்குள் கொண்டுவந்து கதவைச் சாத்தாதீர்கள். கரி கனியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, புகையும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். மலையில் தங்க வந்தவர்கள் இப்படி உயிரிழந்திருக்கிறார்கள். குளிர் தாங்கவில்லை என்றால் இன்னொரு கம்பளி கேளுங்கள். ஹீட்டர் கேட்டால் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஹீட்டரும் கீசரும் ஒரே நேரத்தில் ஓடினால் பழைய வீட்டு வயரிங்கில் ட்ரிப் ஆகிவிடும்.

எந்தப் பகுதியில் தங்குவது? சேரிங்கிராஸ், கமர்சியல் சாலைப் பக்கம் வசதிதான். ஆனால் சனிக்கிழமை முற்பகல் தொடங்கி மாலை வரை வாகனங்கள் நகராது. எங்கள் ஓட்டு கேத்தி, அருவங்காடு, வெலிங்டன், குன்னூர் பக்கத்துக்கு. குன்னூர் ஊட்டியைவிட ஏறக்குறைய 400 மீட்டர் தாழ்வு, அதனால் குளிரும் ஒரு படி குறைவு. குன்னூர்-ஊட்டி சாலையில் பஸ் அடிக்கடி ஓடுகிறது. மலை ரயிலும் வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாகத்தான் ஊட்டிக்குப் போகிறது. கேத்தி பக்கம் வீடு எடுத்தால், அங்கே பஸ் நிற்கும் எல்லநள்ளியைச் சொல்லி, "எல்லநள்ளியில இறங்கினா எவ்வளவு தூரம் நடக்கணும்க்கா? ஏத்தமா, இறக்கமா?" என்று கேட்டுவிடுங்கள். மேப்பில் அரை கிலோமீட்டர் என்று காட்டுவது, பையோடு ஏறும்போது இருபது நிமிடப் படிக்கட்டாக இருக்கலாம். இருட்டிய பின் உள்ளூர் பஸ் குறைந்துவிடும். தேயிலைத் தோட்டத்துக் குறுக்குப் பாதையில் இரவில் நடக்கவே கூடாது. காட்டெருமையும் கரடியும் குன்னூர், கோத்தகிரிப் பகுதிக் குடியிருப்புகளுக்குள்ளேயே வந்து போகின்றன. வெளிக்கதவை எட்டரைக்குப் பூட்டும் வீட்டுக்காரரைக் கண்டிப்பானவர் என்று குறை சொல்லாதீர்கள்.

முன்பணம் அனுப்பும் முன் போனில் பேசுங்கள், செய்தியோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். வாடகை ஆளுக்கா அறைக்கா, காலை உணவு அதில் அடக்கமா, வீட்டுக்காரர் அங்கேயே இருக்கிறாரா, பகல் பன்னிரண்டுக்கு முன் வந்தால் பையையாவது வைக்க இடம் தருவாரா என்பதெல்லாம் பேசித் தெளிய வேண்டியவை. ஆணும் பெண்ணும் சேர்ந்த குழு என்றால் அதையும் முன்பே சொல்லிவிடுங்கள். சில வீட்டார் ஒத்துக்கொள்வதில்லை, வாசலில் நின்று வாதாடுவது இரு பக்கத்துக்கும் சங்கடம். ஒவ்வொருவரும் ஆதார் நகல் ஒன்று வைத்திருங்கள்.

சாப்பாட்டில்தான் இந்த வகை தங்குமிடம் ஓட்டலை மிஞ்சுகிறது. நீலகிரி மலைவாசிகளான படுகர் வீடு கிடைத்தால் ராகிக் களியும் அவரைக் குழம்பும் கேளுங்கள், ஆனால் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். காய்ந்த அவரையை இரவே ஊறப்போட வேண்டும். இந்த உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் பயறும் பருப்பும் குக்கர் இல்லாமல் எளிதில் வேகாது. "ஒன்பது மணிக்குச் சாப்பாடு வேணும்" என்று எட்டு மணிக்குச் சொன்னால் கிடைப்பது தோசையும் முட்டையும்தான். நீங்களே நூடுல்ஸ் செய்தாலும் பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு மேல் இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். மாலை டீக்கு வர்க்கி என்ற மொறுமொறு பிஸ்கட் கொடுப்பார்கள். ஊருக்கு வாங்கிப்போக வேண்டிய வர்க்கியை எந்த பேக்கரியில் எடுப்பது என்பதையும் அவர்களிடமே கேளுங்கள்.

வந்து சேரும் வழி இனி. வெள்ளி இரவு சென்னை சென்ட்ரலில் கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் விடிகாலையில் மேட்டுப்பாளையம் சேரும். அங்கிருந்து 7.10 மணிக்கு மலை ரயில். 1899இல் குன்னூர் வரையும் 1908இல் ஊட்டி வரையும் ஓடத் தொடங்கிய பாதை இது, 2005 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். கல்லாறு முதல் குன்னூர் வரை 12.5 அடிக்கு ஓர் அடி ஏற்றம் என்பதால் தண்டவாளத்தின் நடுவே பல்சக்கரப் பட்டை உண்டு. அதனால் 46 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். வார இறுதி டிக்கெட் முன்பதிவு திறந்த உடனே தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் வருத்தப்பட ஒன்றுமில்லை. பஸ்ஸில் குன்னூர் வந்து, அங்கிருந்து ஊட்டிக்கு மட்டும் ரயில் ஏறுங்கள். நீராவி எஞ்சின் போய் டீசல் மாறியிருக்கும், ஆனால் கேத்திப் பள்ளத்தாக்கு அந்தப் பகுதியில்தான் வருகிறது. அக்டோபர், நவம்பர் மழையில் மண் சரிந்தால் மேட்டுப்பாளையம்-குன்னூர் ரயிலை நிறுத்திவிடுவார்கள். அந்த மாதங்களில் பஸ்ஸை நம்பித் திட்டமிடுங்கள்.

சொந்த வண்டி, பைக், வாடகைக் கார் எதுவானாலும் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ், அதாவது இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு, வேண்டும். 2024 மே 7 முதல் உள்ள நடைமுறை இது. அரசு பஸ்ஸிலும் ரயிலிலும் வருபவர்களுக்குத் தேவையில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை இருப்பதால் ஆளுக்கொரு ஸ்டீல் பாட்டில் எடுத்துவாருங்கள், குடிநீர் ஏ.டி.எம்.களில் நிரப்பிக்கொள்ளலாம். ஜீன்ஸ் நனைந்தால் இரண்டு நாளில் காயாது. மாற்றுக்கு மெல்லிய பேன்ட் ஒன்றும் கூடுதலாக இரண்டு ஜோடி சாக்ஸும் வையுங்கள்.

ஊர் சுற்றும் வரிசையை வீட்டுக்காரரிடம் விட்டுவிடலாம், இருந்தாலும் நேரம் முக்கியம். 1848இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவுக்குக் காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள். 2,637 மீட்டர் தொட்டபெட்டாவை மதியத்துக்குத் தள்ளினால் பெரும்பாலும் மேகத்தைத்தான் பார்ப்பீர்கள். ஞாயிறு குன்னூரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சிம்ஸ் பூங்காவுக்கு இரண்டு மணி நேரம் தாராளம். மதியம் இரண்டுக்குள் இறங்கத் தொடங்கினால் மலைப்பாதை நெரிசலுக்குத் தப்பலாம். கோடைச் சீசனில் ஒருவழிப் பாதையாக்கி, இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியே விடுவார்கள், அப்போது குன்னூர் பக்கம் தங்கியிருப்பவர்கள் எந்த வழியில் இறங்குவது என்று காலையிலேயே விசாரித்துக்கொள்வது நல்லது. அருவங்காட்டிலோ வெலிங்டனிலோ வழியில் நின்று மேட்டுப்பாளையம் பஸ்ஸை மறிக்காதீர்கள். ஞாயிறன்று ஊட்டியிலிருந்தே நிரம்பி வரும், ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றுகொண்டே மலை வளைவுகளில் இறங்குவது வாந்திக்கு வழி. குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், அங்கிருந்தே புறப்படும் வண்டியாகப் பார்த்து உட்காருங்கள்.