திருமலையில் விற்கிற ‘கம்ப்ரஸ் கேம்’ மெமரி காட்: வாங்கும் முன் சோதியுங்கள்

திருமலை (திருகோணமலை) நகரத்துக் கடை ஒன்றில் சோனியின் கையடக்க கேம் மெசினான பழைய பிஎஸ்பிக்கு மெமரி காட் விற்கிறார்கள். 64 ஜிபி, உள்ளே நூறு ரேசிங் கேம், எல்லாம் கம்ப்ரஸ் பண்ணினது என்று பேச்சு. அப்படி வாங்கின காட் ஒன்றைச் சோதித்தோம். பட்டியலில் நூறு பெயரும் இருக்கு. முதல் பன்னிரண்டு ஓடுது. மிச்சமெல்லாம் கறுப்புத் திரை. திருப்பிக் கொண்டுபோனால், “கம்ப்ரஸ் பண்ணினா சிலது இப்படித்தான் நிக்கும் அண்ணை, உங்கட மெசின் பழசு” என்கிறார்கள். காசு திரும்பவில்லை.

அது பச்சைப் பொய். கம்ப்ரஸ் பண்ணின கேம் கோப்புக்குப் பெயர் சிஎஸ்ஓ. கேம் டிஸ்கின் முழுப் பிரதியான ஐஎஸ்ஓவை 2048 பைட் துண்டுகளாக்கி ஒவ்வொன்றையும் தனியே சுருக்குவது அது. விரித்தால் ஒரு பைட்டும் குறையாது. ரேசிங் கேமில் வரும் உண்மையான குறை வேறு: வண்டி ஓட ஓடப் பாதையை மெமரி காட்டிலிருந்து வாசிக்கவேணும், அதே 333 மெகாஹேர்ட்ஸ் சிபியு அதை விரிக்கவும் வேணும். வளைவில் ஒரு திக்கல் வரும், இசை அறுந்து சேரும். அவ்வளவுதான்.

காட் உண்மையில் 8 ஜிபி. 64 என்று பொய் சொல்லும்படி அதன் உள்ளிருக்கும் கன்ட்ரோலர் சிப்பை மாற்றியிருக்கிறார்கள். பெயர்ப் பட்டியல் காட்டின் முன்பகுதியில் பதிவதால் பெயரும் அளவும் ஒழுங்காகத் தெரியும். 8 ஜிபிக்கு மேல் எழுதினது எங்குமே இல்லை. நாற்பதாவது கோப்பை, உள்ளிருக்கும் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தோம். முதல் நாலு எழுத்து சி, ஐ, எஸ், ஓ என்று இருக்கவேணும். இருந்தது பூச்சியம், பக்கம் பக்கமாகப் பூச்சியம்.

ஓடின பன்னிரண்டிலும் சிலதில் இசையே இல்லை. ஏடி3 இசையும் பிஎம்எஃப் வீடியோவும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை, சிஎஸ்ஓவால் அவை பெரிதாகக் குறையாது. அதனால் அவற்றை வெட்டி எறிந்துவிட்டு ‘கம்ப்ரஸ்’ என்கிறார்கள். 1 ஜிபி கேம் 150 எம்பிக்கு இறங்கியிருந்தால், டிஸ்கில் நிரப்புத் தரவு நிறைய இருந்தாலொழிய, வெட்டு விழுந்திருக்கு என்றே எடுங்கள்.

காட் வாங்கினால் கேம் ஏற்றாமல் வெறுமையாக வாங்குங்கள். கணினியில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற காட் சோதிக்கும் மென்பொருளைப் போட்டு முழு இடத்தையும் எழுதி வாசிக்க விடுங்கள். நேரம் இழுக்கும், இடையில் நிறுத்தவேண்டாம். பிழையென்றால் மாற்றித் தருவதாக பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

சொந்த யுஎம்டி (பிஎஸ்பியின் கேம் டிஸ்க்) இருந்தால் கடையே தேவையில்லை. கஸ்டம் ஃபேம்வெயர் (சோனியினது அல்லாத, மாற்றியமைத்த பிஎஸ்பி மென்பொருள்) போட்ட மெசினில், செலக்ட் பட்டனை அமத்தினால் வரும் மெனுவில் யுஎஸ்பி டிவைஸை யுஎம்டி டிஸ்க் என்று மாற்றிக் கேபிளைப் போட்டால் கணினியில் ஐஎஸ்ஓ தெரியும். அதை எடுத்து மேக்ஸ்சிஎஸ்ஓ என்ற மென்பொருளில் சுருக்கி, காட்டில் ஐஎஸ்ஓ என்ற ஃபோல்டருக்குள் போடுங்கள். ஒரு ரேஸ் முழுதாக ஓடிப் பார்க்கும்வரை மூல ஐஎஸ்ஓவை அழிக்கவேண்டாம். திக்கினால் அந்தக் கேமை மட்டும் சுருக்காமல் வையுங்கள்.