கொல்லைப் பூக்களுக்கு 12 ட்யூப் ஆயில் கலர் பெட்டி: எது போதும், எது போதாது

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்து ஸ்டேஷனரி கடைகளில் ஆயில் கலர் என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது மாணவர் ரகத்து 12 ட்யூப் பெட்டிதான். கொல்லையில் பூத்ததை ஆயிலில் தீட்ட நினைப்பவர்கள் அதை நம்பி வாங்கலாமா? வாங்கலாம். இலைக்கும் மஞ்சள் பூவுக்கும் வெள்ளைப் பூவுக்கும் அது தாங்கும். ரோஸ் அரளி, பன்னீர் ரோஜா, சங்குப்பூ என்று போனால் கைவிட்டுவிடும். அந்தக் குறை தீர ஒரே ஒரு ட்யூப் தனியாக வாங்கினால் போதும். அது எது, ஏன் என்பது கீழே.

பெட்டியில் வழக்கமாக இருப்பவை: வெள்ளை, லெமன் யெல்லோ, கேம்போஜ் ஹ்யூ (ஆரஞ்சுச் சாயல் மஞ்சள்), யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), வெர்மிலியன் ஹ்யூ, கிரிம்சன், பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு), அல்ட்ராமரைன் (ஊதாச் சாயல் நீலம்), பிரஷ்யன் ப்ளூ, சாப் கிரீன், கறுப்பு. ஒன்றிரண்டு மாறலாம். ‘ஹ்யூ’ என்று போட்டிருந்தால் அந்தப் பெயருக்குரிய அசல் நிறமி உள்ளே இல்லை, அதன் சாயலில் வேறு மலிவான நிறமி இருக்கிறது என்று பொருள். பூ வரைய அது பெரிய குறை இல்லை. கடையிலேயே பெட்டியைத் திறந்து பாருங்கள். ட்யூபின் கழுத்திலோ அடி மடிப்பிலோ எண்ணெய் கசிந்து அட்டையில் கறை பிடித்திருந்தால் வேறு பெட்டி கேளுங்கள். வெயில் படும் அலமாரியில் மாதக்கணக்காகக் கிடந்த ட்யூபில் எண்ணெய் தனியாகவும் நிறமி தனியாகவும் பிரிந்திருக்கும். திறந்ததும் முதலில் எண்ணெய்தான் ஒழுகும். அப்படி ஆகிவிட்டால் பிதுக்கிய வண்ணத்தைப் பழுப்புக் காகிதத்தில் பத்து நிமிடம் வைத்தால் மிகுதி எண்ணெயைக் காகிதம் உறிஞ்சிக்கொள்ளும். மூடி ஒட்டிக்கொண்டால் பல்லால் கடிக்க வேண்டாம். கழுத்தைச் சுடுதண்ணீரில் ஒரு நிமிடம் பிடித்தால் திறக்கும்.

இனி சிக்கலான இடம், சிவப்பு. பெட்டியில் இருக்கும் வெர்மிலியன் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்தது. இட்லிப்பூவுக்கு அது அப்படியே பொருந்தும். கேம்போஜும் துளி வெள்ளையும் சேர்த்தால் கனகாம்பரமும் கிடைத்துவிடும். ஆனால் அதில் வெள்ளையைக் கூட்டிக்கொண்டே போனால் மீன் சதை நிறம்தான் வரும், அரளியின் ரோஸ் வராது. கிரிம்சனில் வெள்ளை கலந்தாலும் வராது, நாலு வருடம் துவைத்த ரவிக்கையின் மங்கல்தான் கிடைக்கும். அதோடு அது நிற்பதும் இல்லை. மலிவு கிரிம்சன் பலவற்றில் இருப்பது அலிசரின், ட்யூபில் அச்சிட்டிருக்கும் நிறமி எண் பிஆர் 83 (PR83). 1868-ல் செயற்கையாகச் செய்யப்பட்ட பழைய சாயம் இது. கெட்டியாகப் பூசினால் ஓரளவு தாங்கும், வெள்ளை கலந்து இளஞ்சிவப்பாக்கினால் வெளிச்சத்தில் வெளுக்கும். ரோஜா வரைகிறவர்கள் செய்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது வேலைதான் என்பதால் நஷ்டம் முழுக்க பூவின் தலையில் விழுகிறது.

தனியாக வாங்க வேண்டிய ட்யூப் குவினாக்ரிடோன் ரோஸ். கடையில் பெர்மனன்ட் ரோஸ் என்ற பெயரிலும் இருக்கலாம். பெயரைப் பார்க்காமல் எண்ணைப் பாருங்கள், பிவி 19 (PV19) அல்லது பிஆர் 122 (PR122). 1958-ல் விற்பனைக்கு வந்த நிறமிக் குடும்பம் இது, வெளிச்சத்தை நன்றாகத் தாங்கும். விலை கூடுதல்தான், ஆனால் வீரியம் அதிகம். சுண்டைக்காய் அளவு வெள்ளைக்கு அரிசி நுனி அளவு போதும், அரளி நிறம் வந்துவிடும். அல்ட்ராமரைனோடு சேர்த்தால் சங்குப்பூவின் நீல ஊதா கிடைக்கும். பெட்டியின் கிரிம்சனோடு அதே அல்ட்ராமரைனைக் கலந்தால் வாடிய கத்தரிக்காய்த் தோல்தான் மிஞ்சும். பெட்டியில் இருப்பது எப்படிப்பட்ட கிரிம்சன் என்று எண்ணே போடவில்லையா? வெள்ளை கலந்து ஒரு துண்டு கேன்வாஸில் பட்டையாகப் பூசுங்கள். காய்ந்ததும் பாதியை அலுமினியத் தாளால் மூடி வெயில் விழும் ஜன்னலில் ஒட்டுங்கள். பங்குனியில் ஒட்டி ஆனியில் தாளை எடுத்தால் சாயம் போகிறதா என்பது தெரிந்துவிடும்.

வெள்ளைக்கு இந்தப் பெட்டி நன்றாகவே உழைக்கிறது, அளவுதான் போதாது. 20 மி.லி. வெள்ளை மூன்று நாலு சிறிய படத்தோடு தீர்ந்துபோகும். பெரிய ட்யூப் ஒன்று தனியாக வாங்கும்போது டைட்டானியம் மட்டும் உள்ளதாகப் பாருங்கள். ஜிங்க் அதிகம் சேர்ந்த வெள்ளை காலப்போக்கில் நொறுங்கும் தன்மை கொண்டது, மேலே விரிசல் விடும்.

பழக ஏற்ற பூ நந்தியாவட்டை. செடியிலேயே நின்று நிதானமாக வரைய விடும். ஒற்றை நந்தியாவட்டையைக் கிட்டே வைத்துப் பார்த்தால் ஐந்து இதழும் காற்றாடி போல ஒரே பக்கம் சுழன்றிருக்கும். ஒவ்வொரு இதழிலும் ஒரு விளிம்பு வெளிச்சத்தில் தூக்கி நிற்கும், மறு விளிம்பு பக்கத்து இதழின் நிழலில் மடங்கும். நடுவில் லேசான மஞ்சள். கீழே இலை இருப்பதால் இதழின் அடிப்பக்கத்தில் பச்சை எதிரொளிக்கும். ட்யூப் வெள்ளையை அப்படியே வைக்க வேண்டிய இடம் ஒரு பூவில் இரண்டு மூன்று புள்ளிதான். மற்றதெல்லாம் சாம்பல். நிழலுக்கு வெள்ளையோடு துளி அல்ட்ராமரைனும் துளி பர்ன்ட் அம்பரும், எதிரொளிக்கு வெள்ளையோடு ஓக்கரும் நூல் அளவு சாப் கிரீனும். கறுப்பைக் கலந்து சாம்பல் செய்தால் பூ அழுக்காகிவிடும்.

இன்னொன்று, வெள்ளைக் கேன்வாஸில் வெள்ளைப் பூவை ஆரம்பிக்காதீர்கள், எது இருட்டு எது வெளிச்சம் என்று கண்ணுக்குப் பிடிபடாது. பர்ன்ட் அம்பரை டர்பன்டைனில் (ஆயில் கலரை நீர்க்க வைக்கும் கரைப்பான்) தண்ணீர் போலக் கரைத்து முழுவதும் பூசித் துணியால் துடைத்துவிடுங்கள். அம்பரில் இயல்பாகவே மாங்கனீஸ் இருப்பதால் சீக்கிரம் காயும், மறுநாள் அதன்மேல் வரையலாம்.

இலைக்கு சாப் கிரீனை ட்யூபிலிருந்து அப்படியே பூசினால் பிளாஸ்டிக் இலை மாதிரி நிற்கும். கொஞ்சம் பர்ன்ட் சியன்னா சேருங்கள். செம்பருத்தி இலையின் பளபளப்பு வானத்தைக் காட்டுவது. அங்கே மஞ்சள் பச்சையை வைக்கக் கூடாது, நீலம் கலந்த சாம்பலை வைக்க வேண்டும். பின்னாலிருந்து வெயில் ஊடுருவும் இலைக்குத்தான் லெமன் யெல்லோ.

செம்பருத்தி காலையில் விரிந்து சாயங்காலம் சுருண்டுவிடும் என்பதால் நேரத்துக்கு ஏற்ற வரிசை வேண்டும். ஒன்பது மணிக்குள் பூவின் உருவத்தையும் நிழல் விழும் இடங்களையும் முடித்துவிடுங்கள், இலை மத்தியானம் வரை காத்திருக்கும். நடுத்தண்டையும் அதன் நுனியில் இருக்கும் ஐந்து சிவப்புக் குமிழ்களையும் சுற்றியிருக்கும் மகரந்தப் பொட்டுகளையும் ஈர இதழ்மேல் வைத்தால் கலங்கிப்போகும். இரண்டு மூன்று நாள் விட்டு, இதழ் விரலில் ஒட்டாத பதத்துக்கு வந்தபின் வையுங்கள். பவளமல்லி இரவில் விரிந்து விடியலில் உதிர்வது. பொறுக்கி ஈரத்துணியில் வைத்து, வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். அரளியைப் பறித்தால் அதன் பால் விஷம், கையைக் கழுவிவிட்டுப் பிரஷ்ஷைத் தொடுங்கள்.

பெட்டியோடு இலவசமாக வரும் பிரஷ்ஷைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முடி உதிர்ந்து ஈர வண்ணத்தில் ஒட்டும். பன்றிமுடித் தட்டை பிரஷ் 4, 8, இதழ் நுனிக்குச் செயற்கை முடி வட்ட பிரஷ் 2, இந்த மூன்றும் போதும். எண்ணெய் விஷயத்தில் மட்டும் கஞ்சம் பார்க்காதீர்கள். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் டபுள் பாயில்ட் லின்சீட் (ஆளி விதை எண்ணெய்) மரக்கதவுக்கானது, படத்தில் கறுத்துப்போகும். ஓவியத்துக்கென்று சுத்திகரித்த லின்சீட் ஆயில் சிறிய பாட்டிலாக வாங்கிக்கொள்ளுங்கள். முதல் பூச்சில் மூன்று பங்கு வண்ணத்துக்கு ஒரு பங்கு டர்பன்டைன், இரண்டாவது பூச்சில் வண்ணம் ட்யூபில் உள்ளபடியே, கடைசிப் பூச்சில் சுண்டைக்காய் அளவு வண்ணத்துக்கு இரண்டு சொட்டு லின்சீட். எண்ணெய் குறைந்தது கீழே, கூடியது மேலே என்ற வரிசை மாறினால் மேல்பூச்சு முதலில் காய்ந்து, அடிப்பூச்சு பிறகு அசைந்து, விரிசல் விடும். டர்பன்டைன் மிஞ்சினால் காய்ந்தபின் விரலில் மாவாக ஒட்டும். லின்சீட் மிஞ்சினால் பால் ஏடு மாதிரி சுருங்கும்.

கேன்வாஸ் போர்டுக்கு 8-க்கு 10 அங்குலம் நல்ல ஆரம்பம். ஓரத்தில் ஒரு சொட்டு லின்சீட் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் அடிப்பூச்சு சரியில்லை, பூசிய வண்ணம் திட்டுத் திட்டாக மங்கும். அக்ரிலிக் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு ஒரு கோட் அடித்து, காய்ந்தபின் 220 நம்பர் உப்புத்தாளால் தேய்த்தால் தீரும். நம்மூரில் தஞ்சாவூர் ஓவியத்துக்கென்று தயார்ப் பலகை எளிதில் கிடைக்கிறது என்பதற்காக அதில் ஆயில் பூசிவிடாதீர்கள். துணிமேல் சாக் பவுடரும் கோந்தும் பூசிய பரப்பு அது. எண்ணெயைக் குடித்துவிட்டு நிறமியை மேலே அநாதையாக விட்டுவிடும்.

ஆயில் கலர் காய்வது தண்ணீர் ஆவியாவது போன்றதல்ல, எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகுகிறது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அது தாமதமாகும், போர்டு வளையும், பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும். மழைக்காலத்தில் படத்தைச் சுவரோடு ஒட்டிச் சாய்க்காமல் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். காயட்டும் என்று பரணில் ஏற்றிவிடுவதும் தப்பு, இருட்டில் லின்சீட் மஞ்சளிக்கும், நந்தியாவட்டை நெய் நிறமாகிவிடும். வெளிச்சத்தில் சில வாரம் வைத்தால் பெரும்பாலும் தெளியும். வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுங்கள்.

பிரஷ் துடைத்த பழைய வேட்டித் துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். லின்சீட் இறுகும்போது சூடு வரும். பந்தாகச் சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். சித்திரை வெயிலில் கூரைச் சாய்ப்புக்குள் இது நிஜமான ஆபத்து. தண்ணீரில் முக்கி மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள், இல்லாவிட்டால் வெளியே கல்லின்மேல் ஒற்றையாக விரித்துக் காயவிடுங்கள்.