டெல்டா சேற்றுக்கு எந்தப் பழைய வண்டி: ஜிப்ஸியா, தாரா, பொலேரோவா?

நான் வாங்கியது மாருதி ஜிப்ஸி. ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் நிற்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று விற்பனைக்கு வந்த வண்டிகளின் அடியில் எல்லாம் படுத்துப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுத்தேன். மற்ற இரண்டுக்கும் உரிய நியாயத்தைச் செய்ய முயல்கிறேன்.

முதலில் தேவை. பாறை ஏறுவது, மலை ஏறுவது எல்லாம் நமக்குக் கிடையாது. கல்லணையிலிருந்து கடல் வரைக்கும் தரை கிட்டத்தட்ட சமம். ஐப்பசி, கார்த்திகையில் நனைந்து கிடக்கும் களிமண் வாய்க்கால் கரைதான் ஒரே தொல்லை. கோடையில் அதே கரையில் மொபெட்டே போய்விடும். மழை பிடித்துவிட்டால், சம்பாவுக்கு மேலுரம் போட நாலைந்து மூட்டை யூரியாவும் இரண்டு ஆட்களும் வயல் முனைக்குப் போய்ச் சேர்வது பெரும்பாடு. அதற்கு ஒரு வண்டி வேண்டும். அதிக விலை கூடாது, ஊரிலேயே பழுது பார்க்க முடிய வேண்டும், சேறு பட்டால் மனசு பதறக் கூடாது.

பொலேரோவை முதலில் முடித்துவிடலாம். 2000ல் வந்ததிலிருந்து இன்றுவரை டெல்டாவில் அதைப் பார்க்காத தெரு இல்லை. எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார், எந்தக் கடையிலும் பார்ட்ஸ் கிடைக்கும், விற்கப் போனால் அன்றைக்கே ஆள் வரும். குடும்பத்தோடு கும்பகோணம் போகலாம், மூட்டையும் ஏற்றலாம். ஆனால் சந்தையில் வரும் பொலேரோக்களில் பெரும்பாலானவை பின்சக்கரத்தில் மட்டும் இழுப்பவை. நாலு சக்கரமும் இழுக்கும் பொலேரோ இருந்தது, ஆனால் நம் பக்கம் அரிது. ஜல்லி அடித்த கரை வரைக்கும் போனால் போதும் என்றால் இதற்கு மேல் யோசிக்காமல் பொலேரோ வாங்குங்கள். என் கரைக்கு யாரும் ஜல்லி அடிக்கவில்லை.

மிச்சம் இரண்டு. 2010ல் வந்து 2020 வரை விற்ற முதல் தலைமுறை தார், அப்புறம் ஜிப்ஸி. ஃபோர்ஸ் கூர்க்காவும் நல்ல வண்டிதான். ஆனால் தஞ்சாவூர் வட்டாரத்தில் அதைத் தெரிந்த மெக்கானிக்கைத் தேடுவதே ஒரு வேலை என்பதால் விட்டுவிட்டேன்.

காகிதத்தில் தார்தான் ஜெயிக்கும். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் சி.ஆர்.டி.இ. டீசல் எஞ்சின், 2498 சி.சி., 105 குதிரைத்திறன். ஜிப்ஸி கிங்கின் 1298 சி.சி. பெட்ரோல் எஞ்சினுக்கு 80. மெதுவாக ஊரும்போது கிடைக்கும் இழுவையில் டீசல் எங்கோ, பெட்ரோல் எங்கோ. 2015க்குப் பிறகு வந்த தாரில் பின் ஆக்ஸிலுக்கு லாக்கரும் கிடைத்தது. ஒரு சக்கரம் வழுக்கிச் சுழன்றாலும் இன்னொன்று பிடித்து இழுக்கும். ஏ.சி. உண்டு. தண்ணீர் தேங்கிய இடத்தில் டீசலுக்கு ஸ்பார்க் பிளக் தொல்லை இல்லை. தரையிலிருந்து உயரம் பார்த்தால் ஜிப்ஸிக்கு 210 மில்லிமீட்டர், தாருக்கு 200. அது ஒரு வித்தியாசமே இல்லை. நாலு சக்கரமும் மெதுவாக, பலத்தோடு இழுக்க உதவும் லோ கியர் இரண்டிலும் இருக்கிறது.

இவ்வளவையும் தள்ளிவிட்டு நான் ஜிப்ஸிக்குப் போனதற்குக் காரணம் ஒன்றுதான்: எடை.

துணிக்கூரை போட்ட ஜிப்ஸி 985 கிலோ. தாரோ ஒன்றரை டன்னுக்கு மேல். எடை குறைந்தால் புதைவது குறையும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். தாரின் டயர் 235, ஜிப்ஸியின் டயர் 205. பாரம் அகலமான டயரில் பரவுவதால், மண்ணில் அழுந்தும் அளவில் இரண்டுக்கும் எடையில் இருக்கும் அளவுக்கு இடைவெளி வராது. அதிலும் நம் களிமண் டயரின் பள்ளங்களில் போய் அப்பிக்கொண்டால் எந்த டயரும் வழவழவென்று ஆகிவிடும். நாலு சக்கரம் இழுத்தாலும் நாலும் சேர்ந்து வழுக்கும். ஆகவே புதையுமா என்ற கேள்வியே வேண்டாம். மழைக்காலத்தில் எந்த வண்டியும் ஒரு நாள் புதையத்தான் போகிறது. புதைந்த பிறகு யார் தூக்குவது என்பதுதான் கேள்வி.

டிராக்டர் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, தெருவுக்கு இரண்டு. ஆனால் நமக்கு வண்டி புதையும் பருவமும், டிராக்டர்கள் சேடை ஓட்டும், அதாவது நடவுக்குச் சேறு கலக்கி உழும், பருவமும் ஒன்று. மேட்டூர் ஜூன் 12ல் திறந்து குறுவை போட்டிருந்தால் அந்த அறுவடை முடிந்து தாளடிக்கு வயல் தயாராகும் நேரம். சம்பா பின்தங்கிய இடங்களிலும் அதே நேரம்தான் உழவு. எல்லா டிராக்டரிலும் சேற்றில் உழுவதற்கான இரும்புக் கூண்டுச் சக்கரம், அதாவது கேஜ் வீல், மாட்டியிருக்கும். கேஜ் வீலோடு தார்ச்சாலையில் இறங்கக் கூடாது. சாலை பெயர்ந்துவிடும் என்று தடை இருக்கிறது. பக்கத்து வயலில் ஓடும் டிராக்டர் என்றால் சரி. சாலைக்கு அந்தப் பக்கம் என்றால் அதைக் கழற்றி, வந்து இழுத்து, திரும்பப் போய் மாட்ட வேண்டும். மணிக்கணக்கில் வாடகைக்கு ஓடுகிறவர் அதற்கு ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்? "கேஜ் வீல மாட்டியாச்சு தம்பி, சாயங்காலம் பாக்கலாம்" என்பார். அந்தச் சாயங்காலம் மறுநாள் காலையாகவும் இருக்கலாம். இதற்குள் மழை வந்தால் வண்டி இன்னும் அரை அடி இறங்கியிருக்கும்.

ஜிப்ஸி புதைந்தால் நடவுக்கோ களைக்கோ வந்த ஆட்களில் நாலு பேர் போதும். டயரில் காற்றைப் பாதிக்கு இறக்கி, சக்கரத்துக்கு முன்னால் இரண்டு பலகையோ வைக்கோலோ போட்டு, லோ கியரில் மெதுவாக விட்டால் தள்ளலுக்கு அசையும். அசையாவிட்டால் ஜாக்கி வைத்துத் தூக்கி அடியில் செங்கல் கொடுக்கலாம். மச்சானின் தாரில் இதையே செய்து பார்த்தோம். ஆட்கள் வியர்த்ததுதான் மிச்சம், அசைக்கவே முடியவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அவருடைய வண்டி லாக்கர் இல்லாத பழைய மாடல், டயரும் தேய்ந்தது. லாக்கரும் நல்ல மட் டயரும் உள்ள தாரை நான் சேற்றில் ஓட்டியதில்லை. அது புதையாமலேயே கடந்து போயிருக்கலாம்.

எடையோடு ஒட்டிய இன்னொன்று அகலம். ஜிப்ஸி 1540 மில்லிமீட்டர், தார் 1726. வித்தியாசம் ஏழு அங்குலம். நெடுஞ்சாலையில் அதற்கு அர்த்தமே இல்லை. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் நாற்று, நடுவில் மதகுக்கு மேல் குறுகும் கரை என்றால் அந்த ஏழு அங்குலம் மூச்சு விட இடம் கொடுக்கும். நனைந்த கரையின் ஓரம்தான் முதலில் சரியும். பாரமான வண்டி ஓரத்தை மிதித்தால் வண்டி சாய்வதோடு நிற்காது, கரையும் உடையும். அப்புறம் கீழ்மடைக்காரர்களுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஜிப்ஸியின் குறைகளையும் மூடி வைக்க வேண்டியதில்லை. பெட்ரோல். லிட்டருக்குப் பத்து, பதினொன்று கிடைத்தால் பெரிது. லோ கியரில் ஊர்ந்தால் கேட்கவே வேண்டாம். முன்னும் பின்னும் கமான் பட்டை என்பதால் பள்ளத்தில் இறங்கினால் முதுகுத்தண்டுக்குத் தெரியும். ஏர்பேக் கிடையாது, ஏ.பி.எஸ். கிடையாது. வயதானவர்களைத் திருச்சி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக இது ஏற்ற வண்டியே இல்லை. வீட்டுக்கு ஒரே வண்டிதான் என்றால் ஜிப்ஸி வாங்காதீர்கள். எங்கள் வீட்டில் கார் தனியாக இருக்கிறது.

பராமரிப்பில் ஜிப்ஸி எளிது, ஆனால் பொலேரோ அளவுக்கு எளிதல்ல. எஞ்சினைப் பெரும்பாலான மாருதி மெக்கானிக்குகள் பார்த்துவிடுவார்கள். முன் ஆக்ஸிலும், இழுவையை முன்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும்தான் எல்லோருக்கும் கை வராது. முன்சக்கரம் திரும்பும் இடத்தில் இருக்கும் சீல் தேய்ந்திருந்தால் சேற்றுத் தண்ணீர் உள்ளே போகும், கிரீஸ் வெள்ளைக் கூழாக மாறும், அப்புறம் பேரிங் சத்தம் போடும். மழைக்காலம் முடிந்ததும் அதைப் பிரித்துக் கழுவி புது கிரீஸ் அடைத்துவிடுவது நல்லது. தாரில் இந்தத் தொல்லை வேறு வடிவில் வரும். அதன் முன்பக்கம் டார்ஷன் பார் கொண்ட தனி சஸ்பென்ஷன். டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் பூட் கிழிந்தால் சேறு ஜாயிண்டைத் தின்றுவிடும். செலவு இதில் அதிகம். சி.ஆர்.டி.இ. எஞ்சினில் சென்சார் கோளாறு வந்தால் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் கடையைத் தேட வேண்டும். 63 குதிரைத்திறன் டி.ஐ. எஞ்சின் போட்ட தார் நாலு சக்கர இழுவையோடு கிடைத்தால் அந்தக் கவலை இல்லை. எளிய டீசல்தான் வேண்டும் என்பவர்கள் அதைத் தேடிப் பார்க்கலாம்.

எந்த வண்டியாக இருந்தாலும் அது எங்கே ஓடியது என்று கேளுங்கள். வேதாரண்யம் உப்பளப் பக்கமோ முத்துப்பேட்டை இறால் பண்ணைகளிலோ உழைத்த வண்டி என்றால் பெயிண்டைப் பார்க்காமல் அடியைப் பாருங்கள். ஜிப்ஸியில் கால் வைக்கும் தரைத்தகடு, பாடியைச் சேஸோடு பிடிக்கும் போல்ட் இருக்கும் இடங்கள், பின்பக்க மூலைகள் இவற்றில் துரு முதலில் வரும். சிறு சுத்தியலால் தட்டுங்கள். டங்கென்று கேட்டால் தகடு, மந்தமாகக் கேட்டால் துருவை மறைக்கப் பூசிய பட்டி. தகட்டை டிங்கரிங் செய்து மாற்றலாம். சேஸே பொரிந்திருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

ஜிப்ஸியில் இன்னொரு சிக்கல், கலப்படம் இல்லாத வண்டி கிடைப்பது. பாதிப் பேர் உயரம் ஏற்றி, பெரிய டயர் மாட்டி, கூரையை வெட்டி வைத்திருக்கிறார்கள். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பதினைந்து வருடம் முடிந்து மறுபதிவுக்குப் போகும்போது அதெல்லாம் வாசலிலேயே நிற்கும். பொதுமக்களுக்கு ஜிப்ஸி விற்பனை நின்றே சில வருடங்கள் ஆகின்றன. ஆகவே நீங்கள் பார்க்கும் வண்டிகள் பல அந்தப் பதினைந்தை நெருங்கியிருக்கும், இல்லை தாண்டியிருக்கும். மறுபதிவுக் கட்டணம் 2022ல் காருக்கு 5,000 ரூபாய் ஆனது, பசுமை வரி தனி, எஃப்.சி.க்கு முன் செய்யும் வேலை தனி. விலை பேசும்போது இவற்றைக் கழித்துப் பேசுங்கள். ராணுவத்தில் ஏலம் போன வண்டி என்று ஆசை காட்டுவார்கள். சிவில் பதிவு முடிந்து ஆர்.சி. கையில் இருந்தால் மட்டும் பேச்சைத் தொடருங்கள்.

கடைசியாக, நான் சொன்னதெல்லாம் பழைய டெல்டாவின் களிமண்ணுக்கு. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை பக்கம், புது ஆற்று (கல்லணைக் கால்வாய்) பாசனத்தில் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே மண்ணில் மணலும் செம்மண்ணும் கலந்திருக்கும். மழை விட்ட மறுநாளே தென்னந்தோப்புப் பாதை காய்ந்துவிடும். தேங்காய் ஏற்ற, டிரெய்லர் இழுக்க டீசல் இழுவை உதவும், எடை பெரிய பாரமாகத் தெரியாது. அந்தப் பக்கத்துக்காரர் என்னிடம் கேட்டால் 2015க்குப் பிந்தைய தாரைத்தான் பார்க்கச் சொல்வேன்.