குட்டை என்று சொல்லி நெட்டையைத் தலையில் கட்டுகிறார்கள்

சாவக்காடு ஆரஞ்சு குட்டைத் தென்னங்கன்று வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். அந்தப் பெயரைச் சொல்லி ஒரு தனியார் நாற்றங்காலில் எனக்குக் கொடுத்தது அத்தனையும் நெட்டைக் கன்றுகள்.

"மூணாவது வருஷமே பாளை வந்துடும், கீழே நின்னுக்கிட்டே இளநீர் பறிக்கலாம்" என்றார் விற்றவர். குட்டை ரகம் 3, 4 வருடத்தில் பூப்பது உண்மைதான். அந்த உண்மையை வைத்துத்தான் வியாபாரமே நடக்கிறது. எனக்கோ ஐந்தாவது வருடமும் பாளை இல்லை. தூர் மட்டும் யானைக்கால் மாதிரி பருத்துக்கொண்டே போனது. குட்டைக்கு அப்படி ஆகாது. தண்டு அடியிலிருந்தே ஒல்லியாகத்தான் ஏறும். போன் செய்தால் முதலில் உரம் போதவில்லை என்றார். அப்புறம் தண்ணீர் போதவில்லை என்றார். கடைசியில், "அது ஹைபிரிட் சார், கொஞ்சம் லேட்டாகும்." அதன்பிறகு போனை எடுப்பதே இல்லை.

சாவக்காடு ஆரஞ்சில் காய் மட்டுமல்ல, மட்டைக் காம்பும் ஆரஞ்சு நிறம்தான். நாற்றங்காலில் கன்றாக இருக்கும்போதே அது தெரியும். ஓலையை விலக்கிக் காம்பின் அடியைப் பாருங்கள். பச்சையாக இருந்தால் அது நீங்கள் கேட்ட ரகம் இல்லை. பழுப்பும் பச்சையும் கலந்த மாதிரி இருந்தால் நெட்டை மகரந்தம் சேர்ந்த கலப்பாக இருக்கலாம். கலப்பு மோசமில்லை, சந்திரசங்கரா என்ற ரகமே அப்படி உருவானதுதான். ஆனால் கலப்பைக் கலப்பென்று சொல்லி விற்கவேண்டும். மலேசியன் மஞ்சள் குட்டைக்குக் காம்பும் மஞ்சள். பச்சைக் குட்டையில்தான் சிக்கல், நிறத்தை வைத்து நெட்டையிலிருந்து பிரிக்க முடியாது. அதற்குத் தாய்மரத்தை நேரில் காட்டச் சொல்லுங்கள். குட்டை ரகம் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால், தாய் சரியாக இருந்தால் கன்றும் அநேகமாகச் சரியாக இருக்கும்.

காசு போனதைவிட எனக்கு ஆத்திரம் இடைவெளி விஷயத்தில்தான். நெட்டைக்கு 25 அடி வேண்டும். "குட்டைதானே, 15 அடி போதும்" என்று அவரே அளந்து சொன்னார். குட்டைக்கே 20 அடிக்குமேல் விடச் சொல்கிறார்கள்! நெருக்கி நட்டால் கன்று அதிகம் விற்கும், அவ்வளவுதான் அவர் கணக்கு. இப்போது ஓலைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. நன்றாக வளர்ந்த மரங்களில் பாதியை வெட்டியாக வேண்டும்.

இன்னொரு பொய்யும் சொல்கிறார்கள், குட்டையில் கொப்பரையும் அள்ளலாம் என்று. அதன் கொப்பரை தோல் மாதிரி வளையும், எண்ணெயும் குறைவு. இளநீருக்கு வேண்டுமானால் நடுங்கள்.

பில்லில் "தென்னங்கன்று" என்று மட்டும்தான் எழுதித் தருவார்கள். எனக்கும் அப்படித்தான் தந்தார்கள். ரகத்தின் பெயரையும் தாய்மரம் எங்கே என்பதையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அங்கே வாங்க வேண்டாம். காசர்கோடு மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம், ஆழியார் நகர் தென்னை ஆராய்ச்சி நிலையம் மாதிரி இடங்களில் பதிந்துவைத்துக் காத்திருந்து வாங்குங்கள்.