60 பேரோடு போனேன், 170 பேரோடு திரும்பினேன்

நான் மருத்துவர், கணக்குக்கும் எனக்கும் கொஞ்சம் தூரம். மருந்துப் பரிசோதனை ஒன்றுக்காக ஒரு பல்கலைக்கழக உயிர்ப்புள்ளியியல் துறையின் ஆலோசனைப் பிரிவுக்குப் போனேன். ஒப்பிடும் ஒவ்வொரு குழுவுக்கும் 60 நோயாளிகள் போதும் என்று நானே எழுதி வைத்திருந்தேன்.

"குணமாகிறவங்க 60 சதவீதத்திலிருந்து 75 ஆகணும்னா, அந்த வித்தியாசம் நம்ம கண்ணில் படுற வாய்ப்பு எவ்வளவு வேணும் டாக்டர்?" என்றார் பேராசிரியர். 80 சதவீதம் என்றேன். குழுவுக்குச் சுமார் 150 பேர் என்று வந்தது. நடுவில் விலகுகிறவர்களுக்கும் இடம் விட்டால் 170. சரி, தலையெழுத்து.

அடுத்ததுதான் அருமை. நடுநடுவே முடிவை எட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். பலனே இல்லாத மருந்து தற்செயலாகத் தேறிவிடும் வாய்ப்பை 5 சதவீதத்துக்குள் வைப்பதுதான் வழக்கம். ஒவ்வொரு தடவையும் அதே அளவுகோலோடு 5 தடவை பார்த்தால், அந்த வாய்ப்பு 14 சதவீதமாகிவிடுமாம்! அதனால் 1979-இல் வந்த ஓ'பிரையன்–ஃபிளெமிங் முறையைப் போட்டுக் கொடுத்தார். பாதி வழியில் ஒரே ஒரு தடவை பார்க்கலாம். அங்கேயே நிறுத்த பி-மதிப்பு (மருந்துக்குப் பலனே இல்லையென்றாலும் இவ்வளவோ இதற்கு மேலோ வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) சுமார் 0.005-க்குக் கீழே இருக்க வேண்டும். கடைசியில் 0.048. முன்னால் கஞ்சத்தனம், பின்னால் தாராளம். காகிதத்தில் கோடு போட்டே புரியவைத்தார்.

குறை உண்டு. அறிக்கை வர ஐந்து வாரம் ஆனது. அதுவும் பாதிக்கு மேல் கணினி உருவகப்படுத்தல் (பரிசோதனையைக் கணினியில் போலியாக ஓட்டிப் பார்ப்பது) அட்டவணைகள். எந்தப் பக்கத்தை நெறிமுறைக் குழுவுக்குக் கொடுப்பது என்று கேட்க மறுபடி போக வேண்டியிருந்தது. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன்.